வாசகர் கேள்வி - பதில்: ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழும் சாயப்பட்டறை உப்பும்

கேள்வி: திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேட்பதால் எங்கள் நிறுவனம் ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழுக்கு விண்ணப்பித்துள்ளது. அது கிடைத்துவிட்டால் எங்கள் பட்டறை மாசுபடுத்துவதில்லை என்று பொருள் கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. 1996-இல் வெளியாகி, 2004-லும் 2015-லும் திருத்தப்பட்ட அந்தச் சர்வதேசச் சுற்றுச்சூழல் நிர்வாகத் தரநிலை, வெளியேறும் நீரில் உப்பு இவ்வளவு இருக்கலாம், புகையில் தூசி இவ்வளவு இருக்கலாம் என்று எந்த வரம்பையும் விதிப்பதில்லை. வரம்பு விதிப்பது சட்டத்தின் வேலை. தன் தொழிலால் நீருக்கும் நிலத்துக்கும் காற்றுக்கும் என்ன நேர்கிறது என்பதை நிறுவனமே கண்டறிந்து, அவற்றுள் கடுமையானவற்றைத் தேர்ந்தெடுத்து, தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைத் தொகுத்து, இலக்கு வைத்து, அளந்து, குறைகளைத் திருத்திக்கொள்கிற ஒரு நிர்வாக முறை அங்கே உண்மையாகவே நடக்கிறதா என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ். அதன் பயன் சிறியதென்று நான் சொல்லவில்லை. ஆனால், முறை இருக்கிறது என்பதும் ஆறு பிழைத்தது என்பதும் வெவ்வேறு செய்திகள்.

இதைத் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதால், கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகளும் வயல்களும் பாழாயின. அவர்கள் தொடுத்த நீண்ட வழக்கின் முடிவில், 2011 ஜனவரியில், எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத ஏற்பாட்டை நிரூபித்த பிறகே பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. அந்த அழுத்தம் நீதிமன்றத்திலிருந்தும் விவசாயிகளிடமிருந்தும் வந்ததே தவிர, எந்தச் சான்றிதழிலிருந்தும் வரவில்லை என்பதை உங்கள் நிர்வாகம் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: அப்படியானால் நல்ல தணிக்கை எதைப் பார்க்க வேண்டும்? எங்கள் உள் தணிக்கைக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள்.

பதில்: முதலில் ஒரு நிபந்தனை: உங்கள் பிரிவை நீங்களே தணிக்கை செய்யக் கூடாது. சாயப்பிரிவை ஸ்டோர்ஸ்காரர் பார்க்கட்டும், சுத்திகரிப்பு நிலையத்தை நீங்கள் பாருங்கள்.

பாதிப்புகளை மதிப்பிடும்போது பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு நீண்ட அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தருகின்றன. அலுவலகக் காகிதத்துக்கும் சாயத்தொட்டிக்கும் அதில் ஒரே அளவு இடம் கிடைப்பதுதான் வழக்கமான குறை. உங்கள் தொழிலில் முதலிடம் உப்புக்கே உரியது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற, லிட்டருக்குப் பல பத்து கிராம் கணக்கில் சோடியம் சல்பேட்டோ சாதாரண உப்போ சேர்க்கிறீர்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு தங்காது, ஏறத்தாழ முழுவதும் தண்ணீரோடு வெளியே வரும். நுண்ணுயிர் தொட்டி நிறத்தையும் கரிமப் பொருளையும் குறைக்குமே ஒழிய, கரைந்த உப்பை ஒன்றும் செய்யாது. அதற்குத்தான் உப்பை வடித்துப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுகளும், மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றச்செய்யும் ஆவியாக்கிகளும்.

ஆகவே ஸ்டோர்ஸ் பதிவேட்டில் தொடங்குங்கள். ஒரு மாதத்தில் வாங்கிய உப்பு எத்தனை டன்? மீட்டுத் திரும்பப் பயன்படுத்தியது எவ்வளவு? பிரிக்க முடியாத கலப்பு உப்பாகக் கிடங்கில் மூட்டை கட்டி வைத்திருப்பது எவ்வளவு? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால், குழாயில் உள்ள மீட்டர் காட்டும் அளவையும், அங்கிருந்து திரும்பி வரும் உப்புநீரையும் கணக்கில் சேருங்கள். வரவும் செலவும் பொருந்தாமல் பெரிய இடைவெளி இருந்தால், அந்த உப்பு நீங்கள் எழுதாத ஏதோ ஒரு வழியில் போயிருக்கிறது. அடுத்ததாக ஆவியாக்கியின் மின்சாரம், நீராவிப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். உற்பத்தி உயர்ந்த மாதத்தில் அவை மட்டும் குறைந்திருந்தால், ஏன் என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.

கனமழை இரவிலும், மின்தடையிலும், சவ்வு அடைத்துக்கொண்ட நாளிலும் கழிவுநீர் எங்கே நிறுத்தி வைக்கப்பட்டது என்பதும் தணிக்கைக்குள் வர வேண்டும். வழக்கமான நாளை மட்டும் மதிப்பிட்டால் போதாது என்று 2015 திருத்தம் தெளிவாகவே சொல்கிறது. சேமிப்புத் தொட்டியின் கொள்ளளவையும் அந்த நாட்களின் உற்பத்தியையும் ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். இரவு ஷிப்டு ஆட்களிடம் பேசாத தணிக்கையை நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன்.

கேள்வி: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் சுற்றுச்சூழல் அறிக்கையும் இதுவும் ஒன்றா?

பதில்: வேறு. அது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் 14-ஆம் விதிப்படி, ஐந்தாம் படிவத்தில், மார்ச்சில் முடியும் நிதியாண்டுக்காகச் செப்டம்பர் 30-க்குள் தர வேண்டிய சட்டக் கடமை. உற்பத்தி அலகு ஒன்றுக்குச் செலவான நீரும் மூலப்பொருளும், வெளியேறிய மாசும், அபாயகரக் கழிவும் அதில் எண்ணாக இடம்பெறும். ஐ.எஸ்.ஓ. தணிக்கையோ நீங்களாக விரும்பி ஏற்பது. சான்றிதழ் பொதுவாக மூன்றாண்டுகள் செல்லும், இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை நடக்கும். பல இடங்களில் இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் தயாரிப்பதால் ஒரே ஆண்டின் நீர்க்கணக்கு இரு கோப்புகளில் இரு விதமாக இருக்கிறது. உங்கள் குழுவின் முதல் கூட்டத்திலேயே சென்ற ஆண்டுப் படிவத்தை வரவழைத்து, மீட்டர் பதிவேட்டோடு மாதவாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.