கராகே கறுத்துப் போச்சு – ஒரு கடிதம்

அண்ணா வணக்கம்,

ஜப்பான்ல நகாட்சு ஊர் கராகே, அதாங்க அவங்க ஊர் பொரிச்ச கோழி, அதப் பத்தி நீங்க எழுதினத படிச்சுக் காட்டினதுல இருந்து பையன் விடவே இல்லீங்க, செஞ்சு குடுன்னு ஒரே நச்சரிப்பு. சரின்னு போன ஞாயித்துக்கெழமை செஞ்சேன். கடைல போன்லெஸ் வாங்கி, வீட்ல இருந்த சோயா சாஸ், இஞ்சி பூண்டு பேஸ்ட், கொஞ்சம் உப்பு போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல ஊற வெச்சு, காலைல கார்ன்ஃப்ளவர்ல பெரட்டி பொரிச்சேன். வெளிய கறுத்துடுச்சு, உள்ள சரியா வேகல, தட்டுல வெச்ச அஞ்சு நிமிஷத்துல மேல்மாவு நமத்துப் போச்சு, போதாததுக்கு ஒரே உப்பு. இதுக்கு பேசாம சிக்கன் 65 போட்டிருக்கலாம்ல, அதுவும் இதுவும் ஒண்ணுதானேங்கறார் வீட்டுக்காரர். நெசமாலுமே காரம் இல்லாத 65தானாங்ணா இது? சாக்கேங்கற ஜப்பான் அரிசி மது நான் ஊத்தல, வீட்ல அதெல்லாம் வாங்க முடியாதுங்க. அதனால கெட்டுப்போச்சா?

எஸ்., கோவை

வணக்கம்ங்க எஸ்.,

சாக்கே மேல பழி போடாதீங்க, அது பாவம். கறி வாடை கொஞ்சம் கொறையும், லேசா ஒரு இனிப்பு வரும், அவ்ளோதான் அதோட வேலை. அதுக்குப் பதிலா இஞ்சிய துருவி சாறு புழிஞ்சு ஒரு ஸ்பூன், கூட ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டாலே போதும். உங்களுக்கு கெட்டது வேற எடத்துல.

மொதல்ல கறி. நம்மூர் கடைல போன்லெஸ்னு கேட்டா பெரும்பாலும் நெஞ்சுக்கறிதான் கையில வரும். ஜப்பான்ல கராகேன்னா தொடைக்கறி, அதுவும் தோலோட. அந்தத் தோல்ல இருக்குற கொழுப்பு உருகித்தான் கறி வறண்டு போகாம இருக்கு. கடைக்காரர் கத்திய எடுக்குறதுக்கு முன்னாடியே "தோல் உரிக்காதீங்க, தொடை மட்டும், எலும்பு எடுத்துக் குடுங்க"ன்னு சொல்லிடணும், இல்லன்னா பழக்க தோஷத்துல உரிச்சு குப்பையில போட்டுடுவார். ஒரு துண்டு 30–40 கிராம் இருக்கட்டும்.

அடுத்து சோயா சாஸ். நீங்க பிராண்ட் எதுவும் சொல்லல, ஆனா கறுத்துச்சுன்னு சொன்னதும் எனக்கு சந்தேகம் அதுமேலதான். ஃப்ரைட் ரைஸுக்குன்னு நாம வாங்குற டார்க் சோயா சாஸ்ல பெரும்பாலும் கேரமல் கலர் இருக்கும், சிலதுல சர்க்கரையும் இருக்கும், சூடான எண்ணெய்ல சீக்கிரமா நிறம் ஏறிடும். ஜப்பான் சோயா சாஸ் இப்ப பெரிய சூப்பர் மார்க்கெட்லயும் ஆன்லைன்லயும் கெடைக்குது. அதுலயே 16 சதவீதம் கிட்ட உப்பு, தனியா உப்பு போடவே கூடாது. அரை கிலோ கறிக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், துருவின இஞ்சி ஒரு டீஸ்பூன், பூண்டு ஒரு டீஸ்பூன், அரை மணி நேரம், முடிஞ்சுது. ராத்திரி முழுக்க ஊற வெக்குறது பிரியாணி புத்தி, இங்க அது உதவாது, உப்பு உள்ள ஏறிக்கிட்டே போகும், பச்சை இஞ்சில புரதத்த உடைக்குற ஒரு என்சைம் வேற இருக்கா, அது ராத்திரி பூரா வேலை பாத்தா கறியோட மேல்பாகம் கொழகொழன்னு ஆயிடும்.

இனி நமத்துப்போன கதை. இதுதான் கராகேயோட உயிர்நாடி, கொஞ்சம் பொறுமையா படிங்க. ஊறின கறிய அப்படியே மாவுல போடாதீங்க, தண்ணிய வடிச்சு, மேல இருக்குற ஈரத்த டிஷ்யூ பேப்பர்ல ஒத்தி எடுங்க. மாவு கார்ன்ஃப்ளவர்தான்னு இல்ல, அங்க கட்டகுரிக்கோன்னு ஒண்ணு போடுவாங்க, உருளைக்கெழங்கு ஸ்டார்ச், இங்க பொட்டேட்டோ ஸ்டார்ச்னே விக்குது (பொட்டேட்டோ ஃப்ளவர்னு கெழங்க காயவெச்சு அரைச்ச மாவு ஒண்ணு இருக்கு, அது வேற, வாங்கிடாதீங்க). கெடைக்கலன்னா கார்ன்ஃப்ளவரும் மைதாவும் பாதிப் பாதி போடுங்க, மொறுமொறுப்பு கொஞ்சம் மாறும், மோசம் இல்ல. மாவு பெரட்டினதும் உதறிட்டு ஒடனே எண்ணெய்ல போடணும், பெரட்டி வெச்சுட்டு போன் பேசப் போனா மாவு ஈரத்த இழுத்து பசையாயிடும்.

எண்ணெய் கடலெண்ணெய் இல்லன்னா சன்ஃப்ளவர், 170 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லன்னா காஞ்ச மரக்குச்சி ஒண்ண எண்ணெய்க்குள்ள விடுங்க, அங்க வீடுகள்ல சமையல் குச்சிய வெச்சுத்தான் பாப்பாங்க, குச்சியச் சுத்தி சின்னச் சின்ன குமிழி சீரா வந்தா சரி, படபடன்னு பெருசா பொங்கினா சூடு அதிகம். அஞ்சாறு துண்டுக்கு மேல ஒரே நேரத்துல போடாதீங்க. மூணு நிமிஷம், வெளுப்பா இருக்கும்போதே எடுத்துடணும். எடுத்து கம்பி ரேக்ல நாலு நிமிஷம் சும்மா விடுங்க.

இந்த நாலு நிமிஷத்துலதான் வேலையே நடக்குது. வெளிய இருக்குற சூடு உள்ள போயி கறி தன்னால வெந்துக்கிட்டே இருக்கும், உள்ள இருக்குற ஈரம் நகர்ந்து மேல்மாவுக்கு வரும். அப்பறம் அடுப்ப ஏத்தி 190 டிகிரில ஒரு நிமிஷம் திரும்ப போட்டா அந்த ஈரம் பூரா ஆவியாகி ஓடிடும், மாவு கலகலன்னு ஆயிடும். நீங்க ஒரே தடவைல, நல்ல சூட்டுல, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சில்லுன்னு இருக்குற கறிய போட்டிருப்பீங்க, வெளிய கறுக்குற வரைக்கும் உள்ள சூடு போய்ச் சேரவே இல்ல, உள்ள இருந்த ஈரம் தட்டுக்கு வந்தப்பறம் வெளிய கெளம்பி மாவ நமக்க வெச்சிடுச்சு. கறிய அரை மணி ஊற வெக்குறத வெளியவே வெச்சுக்கிட்டா சில்லிப்பு பிரச்சன வராது. மொத தடவை செய்யறப்ப பெரிய துண்டு ஒண்ண வெட்டிப் பாருங்க, நடுவுல செகப்பு இருக்கக்கூடாது, 75 டிகிரி ஏறியிருக்கணும், கோழில அசட்டை வேண்டாம்.

வீட்டுக்காரர் கேள்விக்கு வரேன். 65 இல்லீங்க அது. 65ல ருசி பூரா வெளிய, மொளகாயும் கறிவேப்பிலையும் தயிரும் மேல பூசி நிக்கும், ஆறிப்போனா பாதி போச்சு. கராகேல மாவுக்கு ருசியே கெடையாது, சத்தம் மட்டும்தான், ருசி பூரா கறிக்குள்ள. ஆறினாலும் நல்லா இருக்கும், அதனாலதான் ஜப்பான்ல மதிய சாப்பாட்டு டப்பாவுல, அந்த பென்டோல, நிரந்தரமா அதுக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்காங்க. 1932லயே டோக்கியோ கின்சால மிகாசா கைகான்ங்கற உணவகம் கோழிக் கராகேய மெனுல போட்டுச்சு, ஆனா அதுக்கு ஊர்ப் பெருமைன்னா ஓயிட்டா மாகாணம்தான். நகாட்சுவும் பக்கத்து ஊர் உசாவும் இன்னமும் யார் பெரியவங்கன்னு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க. நகாட்சுல ஃபுகுசாவா யுகிச்சி வளர்ந்த வீடு இருக்கு, 2024ல புது நோட்டு வர்ற வரைக்கும் 10,000 யென் நோட்டுல இருந்தவர், அவ்ளோ பெரிய மனுஷனோட ஊர்ல நான் போனப்ப எல்லாரும் வரிசைல நின்னது கோழி வாங்கத்தான். 100 கிராம் இவ்ளோன்னு நிறுத்து விக்குறாங்க, ஒவ்வொரு கடையும் ஊறவெக்குற கலவைய ரகசியமா வெச்சிருக்கு. வடக்க ஹொக்கைடோ போனா இதையே கொஞ்சம் அழுத்தமா மசாலா ஏத்தி சங்கின்னு விப்பாங்க, மியாசாகில வினிகர்ல முக்கி மேல டார்ட்டார் சாஸ் ஊத்தின சிக்கன் நன்பான், எனக்கு அது ரெண்டு துண்டுக்கு மேல திகட்டும். வீட்டுக்காரர் கரம் மசாலா போடச் சொன்னா மட்டும் ஒத்துக்காதீங்க, போட்டா நல்லாத்தான் இருக்கும், ஆனா அப்ப அவர் சொன்னது ஜெயிச்சுடும்.

கூட பொடிசா நறுக்கின முட்டைக்கோஸ், ஓரமா எலுமிச்சை. எலுமிச்சைய மொத்தத் தட்டுலயும் கேக்காம புழிஞ்சா அங்க நண்பர்களுக்குள்ளயே முறைப்பு வரும், அவங்கவங்க துண்டுக்கு அவங்கவங்க புழிஞ்சுக்கட்டும்.

பையனுக்கு ஸ்கூல் டப்பால வெக்கறதா இருந்தா நல்லா ஆறினப்பறம்தான் மூடணும். சூட்டோட மூடினா மூடில வேர்க்குற தண்ணியே திரும்ப மேல சொட்டும், இவ்ளோ பாடும் வீணாயிடும்.