கருப்பை வாய்ப் புற்றுநோயும் நம் வெள்ளை அணுக்களும்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் ஆய்வகத்தில் 26 வருடம் பாப் ஸ்மியர் தகடுகளை, அதாவது கருப்பை வாயிலிருந்து வருடி எடுத்த செல்களை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவள் நான். டாக்டர் இல்லை. ஆடிக் கூழ் ஊற்றிய அன்று கோயில் மண்டபத்தில் இதைப் பற்றிப் பேசினேன். அங்கே வாய் திறந்து கேட்க முடியாதவர்கள் பிறகு எழுதி அனுப்பிய கேள்விகள் இவை. யார் பெயரையும் போடவில்லை.

சாட்ஸ்வர்த், 34 வயது: எனக்கு எச்பிவி கிருமி இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். "உன் உடம்பில் எதிர்ப்பு சக்தியே இல்லை" என்கிறார் மாமியார். நிஜமா அக்கா?

இல்லைம்மா. எச்பிவி என்பது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ். கல்யாணமான பெண்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒரு தடவை இது வந்துதான் போகும். 10 பேரில் 9 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அடக்கிவிடும், வந்ததே தெரியாது. அடங்காமல் வருடக்கணக்கில் தங்கினால்தான் ஆபத்து. அப்போதும் புற்றுநோயாக மாற 15, 20 வருடம் எடுக்கும். மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கிளினிக்கில் கொடுத்த அடுத்த தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், கல்லூரி மாணவி: அந்தப் பத்தாவது பெண்ணின் வெள்ளை அணுக்கள் ஏன் கிருமியைக் கவனிக்கவில்லை?

நான் பல வருடம் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்ட கேள்வி இது. வெள்ளை அணுக்கள் சோம்பேறிகள் இல்லை, தங்கச்சி. அவற்றின் கண்ணில் படாமல் வாழ இந்தக் கிருமிக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாகக் கருப்பை வாய்த் தோலின் அடி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ரத்தத்தில் இறங்காது. குடியிருக்கிற செல்லை உடைக்காது. தோல் எப்படியும் மேலே வந்து உதிரும் அல்லவா, பெருகிய புதுக் கிருமிகள் அதோடு சேர்ந்து வெளியேறிவிடும். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. வீடு எரிந்தால்தானே ஊர் ஓடி வரும்?

இதற்கு மேல் அது செய்கிற வேலைகளும் உண்டு. ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன தயாராகிறது என்பதை வெளிச்சுவரில் துண்டு துண்டாக மாட்டி வைக்கும். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான சிடி8 என்கிற டி செல்கள் அதைப் பார்த்துத்தான் கெட்ட செல்லைக் கொல்லும். இ5 என்ற வைரஸ் புரதம் அந்தத் துண்டுகளை வெளியே வரவிடாமல் பிடித்து வைக்கிறது. இ6, இ7 இரண்டும் இன்டர்ஃபெரான் என்ற அபாயச் செய்தியை அமுக்குகின்றன. செல் கண்டபடி பெருகாமல் தடுக்கிற பி53, ஆர்பி என்ற கடிவாளங்களை அறுப்பதும் அந்த இரண்டுதான். தோலுக்குள் கிளை விரித்துக் காவல் நிற்கிற லாங்கர்ஹான்ஸ் செல்களும் கிருமி தங்கிய இடத்தில் குறைந்துபோகின்றன.

ஸ்மியரில் இந்தக் கிருமி குடியேறிய செல்லைப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். கரு காய்ந்த திராட்சை மாதிரிச் சுருங்கியிருக்கும், அதைச் சுற்றித் துடைத்துவிட்டது போல வெள்ளை வளையம். பக்கத்து மேசைக்குப் பயாப்ஸித் தகடுகள், அதாவது வெட்டி எடுத்த சிறு சதைத் துண்டுகள், வரும். சிலவற்றில் தோலுக்கு அடியில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் கருநீலப் புள்ளிகளாக எறும்பு மொய்த்தது போல நிற்கும். சிலவற்றில் ஒன்றிரண்டுகூட இருக்காது. மொய்த்து நிற்கிற இடங்களில் கிருமியால் வந்த புண் தானாகவே வற்றிப்போக வாய்ப்பு அதிகம்.

லெனேசியா: எனக்கு எச்ஐவி. 7 வருடமாக அதை அடக்குகிற ஏஆர்வி மாத்திரை எடுக்கிறேன். சிடி4 நன்றாக ஏறிவிட்டது. இன்னும் பாப் ஸ்மியர் தேவையா?

கட்டாயம் தேவை. இதை எழுதிக் கேட்டதற்கு உங்களுக்கு என் நன்றி. நம் ஆட்களிடையே இந்தப் பேச்சை எடுத்தாலே ஜாடை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பயத்திலேயே கிளினிக்குப் போகாமல் இருந்த பெண்களின் தகடுகளைக் கடைசிக் கட்டத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

சிடி4 செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் தளபதிகள் மாதிரி. அவை உத்தரவு கொடுத்தால்தான் சிடி8 சரியாக வேலை செய்யும். எச்ஐவி அடிப்பது அந்தத் தளபதிகளைத்தான். அதனால் எச்ஐவி உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆபத்து 6 மடங்கு. 15, 20 வருடம் எடுக்கிற மாற்றம் 5 முதல் 10 வருடத்தில் நடந்துவிடலாம். மாத்திரை அந்த ஆபத்தைக் குறைக்கும், முழுக்க எடுத்துவிடாது. நம் அரசு கிளினிக்குகளில் மற்றவர்களுக்கு 30 வயதிலிருந்து 10 வருடத்துக்கு ஒன்று என்று 3 தடவை இலவசம். உங்களுக்கோ 3 வருடத்துக்கு ஒரு தடவை. கேட்டு வாங்குங்கள்.

அதே மாணவி: வெள்ளை அணுவே புற்றுநோய்க்கு உதவுமா? எங்கேயோ படித்தேன்.

உதவும். கட்டி வளர்ந்த பிறகு, சண்டையை அடக்குகிற ஒழுங்குமுறை டி செல்கள் அங்கே கூடுகின்றன. மேக்ரோபேஜ்கள் என்ற வெள்ளை அணுக்களும் மனம் மாறி, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் போட்டுக் கொடுக்கின்றன. பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி டி செல்லைத் தூங்க வைக்கிற கட்டிகளும் உண்டு. பெம்ப்ரோலிசுமாப் மருந்து அந்தத் தூக்கத்தைக் கலைக்கிறது. இந்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது.

ஃபீனிக்ஸ்: எதிர்ப்பு சக்திப் பொடி ஒன்று விற்கிறார்கள். இந்தக் கிருமி போகுமா?

போகாது. பொடிக்குப் போகிற பணத்தில் நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் விடுங்கள், புகை கருப்பை வாயில் லாங்கர்ஹான்ஸ் காவலைக் குறைக்கிறது.

டோங்காட்: மகளுக்கு 9 வயது. பள்ளிக்கூடத்தில் எச்பிவி தடுப்பூசிக்குச் சம்மதக் கடிதம் வந்திருக்கிறது. இவ்வளவு சின்ன வயதிலா? நானும் போட்டால் எனக்கு இருக்கிற கிருமி போகுமா?

சின்ன வயதில்தான் போட வேண்டும். ஊசியில் இருப்பது கிருமியின் வெறும் ஓடு, உள்ளே டிஎன்ஏ கிடையாது. அதைப் பார்த்து உடம்பு ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்து வைத்துக்கொள்ளும். பிறகு நிஜக் கிருமி வந்தால் செல்லுக்குள் நுழையும் முன்பே பிடித்துவிடும். நுழைந்துவிட்டால் ஆன்டிபாடி கை எட்டாது, அதனால் உங்களுக்கு இருக்கிற கிருமியை ஊசி விரட்டாது. நம் அரசுப் பள்ளிகளில் 2014 முதல் போடுகிறார்கள். இந்தப் புற்றுநோயில் 100க்கு 70 பங்குக்குக் காரணமான 16, 18 என்ற இரண்டு எச்பிவி வகைகளையும் அது தடுக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

ஊர் சொல்லவில்லை, 53 வயது: மாதவிலக்கு நின்று 3 வருடம். இரண்டு வாரமாகக் கொஞ்சம் ரத்தம் படுகிறது. வலி இல்லை. அடுத்த மாதம் மகன் கல்யாணம், முடிந்ததும் காட்டலாமா?

கல்யாணம் வரை தள்ளிப்போட வேண்டாம் அக்கா. வலி இல்லை என்பதை நம்பாதீர்கள், ஆரம்பத்தில் வலிக்காது. இது வேறு சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம், ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். இந்த வாரமே போங்கள். மாதவிலக்கு நின்று 3 வருடத்துக்குப் பிறகு ரத்தம் என்று வாசலிலேயே நர்ஸிடம் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், கூட வருகிறேன்.