மதுவிலக்குக் காலத்தில் பார் இருந்ததா?

கேளுங்கள், சொல்கிறேன்
(பதில் சொல்பவர், கொழும்பில் ஒரு ஹோட்டலில் பார்மனாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது பரந்தனில் வயல் செய்கிறார்.)

கேள்வி: அண்ணை, கனடாவிலிருந்து வந்த மருமகன் அமெரிக்காவில் ஒரு பழைய ஹோட்டலின் கொக்டெயில் பாரைப் படத்தில் காட்டி, "இது மதுவிலக்குக் காலத்துப் பார் மாமா" என்றார். விற்கவே கூடாது என்ற காலத்தில் பார் எப்படி? – வாசகர், மாங்குளம்

பதில்: மருமகன் சொன்னதில் பாதி உண்மை இருக்கலாம். அங்கே நாடு முழுவதும் மதுவிலக்கு 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை இருந்தது. சட்டம் தடுத்தது காய்ச்சுவதையும் விற்பதையும் ஏற்றி இறக்குவதையும்தான். குடிப்பது குற்றமில்லை. முன்பே வாங்கி வீட்டில் அடுக்கியவர்கள் பயமில்லாமல் குடித்தார்கள். டொக்டர் துண்டு எழுதித் தந்தால் மருந்துக்கடையில் விஸ்கி வாங்கலாம். (இதை எங்கள் தவறணைப் பக்கம் சொல்லிவிடாதீர்கள்.)

அடி விழுந்தது ஹோட்டல்களுக்கு. பார் வருமானம் போனதும் பல ஹோட்டல்கள் ஆட்டம் கண்டன. நியூயோர்க்கின் நிக்கர்பொக்கர் ஹோட்டல் தொடக்கத்திலேயே மூடப்பட்டு அலுவலகக் கட்டடமாகிவிட்டது. வேலையிழந்த பார்மன்களில் சிலர் கப்பலேறினார்கள். அமெரிக்காவில் தொழில் பார்த்த ஹரி கிரடொக் என்ற இங்கிலாந்துக்காரர் 1920இல் லண்டன் திரும்பி, சவோய் ஹோட்டலின் அமெரிக்கன் பாரில் சேர்ந்தார். 1930இல் அவர் தொகுத்து வெளிவந்த கொக்டெயில் புத்தகத்தை எங்கள் தொழிலில் இன்றும் புரட்டுகிறார்கள். வேறு சிலர் ஹவானாவுக்குப் போனார்கள். என்னைக் கேட்டால், மதுவிலக்கு வளர்த்த ஹோட்டல் பார்களை அமெரிக்காவுக்கு வெளியில்தான் தேட வேண்டும்.

உள்ளே நடந்தது ஒளிப்பு வியாபாரம். நியூயோர்க்கில் '21' என்றொரு இடம், ஹோட்டல் அல்ல, சாப்பாட்டுக் கடை. அதன் நிலவறையில் செங்கல் சுவர் போலவே ஒரு கதவு, இரண்டு தொன்னுக்கு மேல் எடை. சரியான இடுக்கில் கம்பியை நுழைத்தால்தான் திறக்கும். போத்தல்கள் இருந்ததோ பக்கத்துக் கட்டடத்தின் அடியில். ஆகவே சோதனைக்கு வந்தவர்களிடம் "இந்தக் கட்டடத்தில் சாராயம் இல்லை" என்று பொய்யில்லாமல் சொல்லலாம்! இந்த மூளையை நான் மெச்சுகிறேன்.

மெச்ச முடியாதது சரக்கு. தொழிற்சாலை ஸ்பிரிட்டில் அரசே நஞ்சு கலக்கச் சொன்னது. அதைத் திருடிச் சுத்தம் செய்து விற்றார்கள், குடித்துப் பலர் செத்தார்கள். காட்டுக்குள் காய்ச்சும் கசிப்பை நம்பிக் குடிப்பது போலத்தான். அந்த நாற்றத்தை மறைக்கத்தான் கொக்டெயில் பிறந்தது என்பார்கள், நம்பாதீர்கள். மார்ட்டினி, மன்ஹாட்டன் எல்லாம் அதற்கு முந்தைய நூற்றாண்டுச் சாமான்.

சரி, மருமகனிடம் ஒன்று கேளுங்கள்: அந்த அறையில் அப்போதே ஒளித்து விற்றார்களா, அல்லது 1933க்குப் பிறகு திறந்த பாருக்கு மங்கல் வெளிச்சம் போட்டிருக்கிறார்களா? இரண்டாவது என்றால் நல்ல குடி கிடைக்கலாம், சரித்திரம் கிடைக்காது.

கேள்வி: சாராயம் சேர்க்காமல் அந்தக் காலக் கலவை ஒன்றை வீட்டில் செய்யலாமா ஐயா? – வாசகி, முள்ளியவளை

பதில்: செய்யலாம் பிள்ளை. 1920களில் பேர் எடுத்த 'பீஸ் நீஸ்' என்பது ஜின், எலுமிச்சம் புளி, தேன் மட்டும்தான். ஜின்னை விட்டுவிட்டுச் சோடா ஊற்றுங்கள். எலுமிச்சைக்குப் பதில் எங்கள் தேசிக்காய் போதும். தேனை நேரே ஐஸில் விட்டால் இறுகி அடியில் ஒட்டிக்கொள்ளும். முதலில் சம அளவு இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஆறவிடுங்கள். அதில் இரண்டு மேசைக்கரண்டி, புளி ஒன்றரை, ஐஸ் போட்டுக் குலுக்கி வடித்து, பிறகு சோடா. காட்டுத் தேன் என்றால் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், அதன் வாசம் தேசிக்காயை அமுக்கிவிடும்.