எல்லை தாண்டிய ஆஸ்பத்திரிகள், நம்மூர் பேப்பரில்: கேள்வி பதில்

ஜிம்பாப்வே, மொசாம்பிக், மலாவி, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஆகிய நாடுகளின் அரசு மருத்துவத்தைப் பற்றி நம் தென்னாப்பிரிக்கப் பேப்பரிலும் டிவியிலும் வருவதை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த முறை தலைப்பு. சுகாதாரச் செய்திகளைத் திருத்தி வெளியிடும் வேலையில் இருக்கும் நம் உறுப்பினர் பதில் தருகிறார். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

சாட்ஸ்வர்த்: அக்கா, "ஜிம்பாப்வே ஆஸ்பத்திரிகள் முடங்கின" என்று வருஷா வருஷம் தலைப்பு வருகிறது. ஏற்கெனவே முடங்கியது திரும்ப எப்படி முடங்கும்?

எது முடங்கியது என்று தலைப்பு சொல்லாததால் வரும் குழப்பம் இது. அங்கே கிராமக் கிளினிக், மாவட்ட ஆஸ்பத்திரி, மாகாண ஆஸ்பத்திரி, அதற்கு மேல் ஹராரேயின் பரிரென்யாட்வா, புலவாயோவின் ம்பிலோ மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிகள் என்று படிப்படியாக இருக்கிறது. ஜோஹனஸ்பர்க்கிலிருந்து போகிற நிருபர் அநேகமாக மேல் படியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். 2019 செப்டம்பரில் அரசு டாக்டர்கள் சம்பளத்துக்காகத் தொடங்கிய ஸ்டிரைக் 2020 ஜனவரி வரை இழுத்தது. அப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டரைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. கிராமக் கிளினிக்கை ஓட்டுவது நர்ஸ்கள். அங்கே தட்டுப்பாடு மருந்துக்கும் தண்ணீருக்கும் கரண்டுக்கும். இரண்டையும் ஒரே வார்த்தையில் "முடங்கியது" என்றால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். 72 மணி நேரத்துக்கு மேல் சுகாதார ஊழியர்கள் ஸ்டிரைக் செய்தால் அபராதமோ சிறையோ என்று 2023 ஜனவரியில் அங்கே சட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஸ்டிரைக் செய்தி குறைந்தால் நிலைமை சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர்ப்பைக் காட்ட முடியாதவர் வேலையை விட்டு வெளிநாடு போவார். எத்தனை நர்ஸ்கள் போனார்கள் என்று சொல்லும் செய்தியைத் தேடிப் படியுங்கள், அது பெரும்பாலும் உள்பக்கத்தில்தான் இருக்கும்.

பீனிக்ஸ்: காலராவில் இறப்பு விகிதம் ஒரு இடத்தில் 3 சதவீதம், இன்னொரு இடத்தில் 20-க்கு மேல் என்று போடுகிறார்களே, யாரை நம்புவது?

இரண்டு பேரும் பொய் சொல்லாமலேயே இப்படி வரும். வகுக்கும் எண் வேறு, அவ்வளவுதான். நம் நாட்டுக் கணக்கையே பார்ப்போம். 2023-ல் பிரிட்டோரியா அருகே ஹம்மன்ஸ்க்ராலில் வெடித்த காலராவோடு சேர்த்து நாடு முழுக்க 47 பேர் இறந்தார்கள். லேபில் உறுதியானவர்கள் 198. இந்த இரண்டை மட்டும் வைத்து வகுத்தால் கிட்டத்தட்ட 24 சதவீதம். ஆனால் காலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களையும் சேர்த்தால் 5-க்குக் கீழே இறங்கிவிடும். ஒரு ஊரில் காலரா உறுதியான பிறகு வயிற்றுப்போக்கோடு வரும் ஒவ்வொருவருக்கும் லேப் சோதனை செய்ய மாட்டார்கள், செய்யவும் தேவையில்லை. ஆகவே சந்தேகம், உறுதி இரண்டையும் கூட்டி வகுத்த விகிதம்தான் நாடுகளை ஒப்பிட உதவும். மலாவியில் 2022 மார்ச்சில் தொடங்கிய பரவலில் 58,000-க்கு மேல் நோயாளிகள், 1,700-க்கு மேல் இறப்பு, அதாவது சுமார் 3 சதவீதம். ஒரு செய்தி மலாவிக்கு ஒரு வகுத்தலையும் நமக்கு இன்னொரு வகுத்தலையும் போட்டால் அந்த ஒப்பீட்டைத் தள்ளிவிடுங்கள்.

இனி, விகிதம் எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். 2008 ஆகஸ்டில் ஜிம்பாப்வேயில் தொடங்கிய காலரா ஒரு வருஷத்துக்குள் 98,000-க்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. 4,200-க்கு மேல் இறந்தார்கள். அது 4.3 சதவீதம். அதே பரவல் எல்லை ஊரான முசீனா வழியாக நம் லிம்போபோ மாகாணத்துக்கு வந்தது. நம் நாடு முழுக்க 12,000-க்கு மேல் நோயாளிகள், இறந்தவர்கள் 65 பேர், அதாவது அரை சதவீதம். அதே கிருமிதான். நேரத்தோடு உப்புச் சர்க்கரைக் கரைசலும், முற்றியவர்களுக்கு டிரிப்பும் கிடைத்தால் காலராவில் சாவு 1 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஜிம்பாப்வேயில் இறந்தவர்களில் பாதிக்கு மேல் சிகிச்சை மையத்துக்கே வந்து சேராதவர்கள். பணவீக்கத்தில் நர்ஸ் சம்பளம் பஸ் காசுக்குக்கூடப் போதாமல் போயிருந்தது, அந்த நவம்பரில் பெரிய ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின, ஹராரேயில் குழாய்த் தண்ணீர் நின்றது. ஆகவே 4.3 என்பது டாக்டரின் திறமையைக் காட்டும் எண் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் நோயாளிக்கும் இடையில் இருந்த தூரத்தைக் காட்டும் எண்.

இதில் அரசியலும் புகுந்தது. டிசம்பர் தொடக்கத்தில் அங்கே தேசிய அவசரநிலை அறிவித்தார்கள். ஒரு வாரம் கழித்து அதிபர் முகாபே காலராவை அடக்கிவிட்டோம் என்றார். அவர் கிண்டலாகச் சொன்னார் என்று அவருடைய செய்தித் தொடர்பாளர் சமாளித்தார். தகவல் அமைச்சரோ இது பிரிட்டன் ஏவிய கிருமிப் போர் என்றார். இந்த மாதிரிப் பேச்சு முதல் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்ற ஒரு வரிக்கு மட்டும் இடம் இருக்காது.

லெனேஷியா: ஹம்மன்ஸ்க்ரால் காலராவை மலாவிக்காரர்கள் கொண்டுவந்தார்கள் என்பது சரியா?

பாதி சரி. 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட முதல் நோயாளிகள் மலாவிக்குப் போய்த் திரும்பிய இரண்டு சகோதரிகள். மே மாதத்தில் ஹம்மன்ஸ்க்ராலில் கூட்டமாக விழுந்தவர்களுக்கு அந்த விளக்கம் போதாது. அந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுதியில்லை என்று 2019-லேயே மனித உரிமை ஆணையம் சொல்லியிருந்தது. கிருமி எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, வந்த கிருமி ஏன் பரவியது என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளும் செய்தி நம் நகராட்சியைத் தப்ப விடுகிறது.

நாமே இதை அனுபவித்தவர்கள்தானே? 2021 நவம்பர் 25-ல் நம் விஞ்ஞானிகள் ஒமிக்ரானை அறிவித்ததும் பிரிட்டன் உடனே விமானங்களை நிறுத்தியது. நவம்பர் 19-லும் 23-லும் எடுத்த மாதிரிகளிலேயே அது இருந்ததாக நெதர்லாந்து பின்னால் சொன்னது. முதலில் கண்டுபிடித்த நாட்டின் தலையில் நோயைக் கட்டுவது நியாயமில்லை என்று அப்போது நாம் எல்லோரும் கத்தினோம். வைரஸ் வகைகளுக்குக் கிரேக்க எழுத்துப் பெயர் வைக்க உலக சுகாதார நிறுவனம் அந்த வருஷம் மே மாதமே முடிவு செய்ததற்கும் இதுதான் காரணம்.

மெரிபேங்க்: நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எங்கள் பிரசவ வார்டில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பெண்கள்" என்று அதிகாரி ஒருவர் டிவியில் சொன்னால், அதை எழுதுகிறவர் என்ன கேட்க வேண்டும்?

எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம், யார் எண்ணினார்கள், எதை வைத்து எண்ணினார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். பச்சை ஐடி புத்தகமோ ஸ்மார்ட் கார்டோ கொண்டுவராதவர் எல்லோரையும் "வெளிநாட்டவர்" என்று பதிவேட்டில் போடும் வழக்கம் இருந்தால், பிறப்புச் சான்றிதழே இல்லாத நம் கிராமத்துப் பெண்ணும் அந்தக் கணக்கில் விழுவாள். குடும்பப் பெயரைக் கேட்டு முடிவு செய்வது இன்னும் மோசம். வெண்டாவும் சோங்காவும் எல்லையின் இரண்டு பக்கமும் பேசப்படும் மொழிகள்.

அடுத்தது இடம். முசீனாவில் ஒரு வார்டில் பாதிப் பேர் ஜிம்பாப்வேக்காரர்களாக இருப்பது நடக்கக்கூடியதே, எல்லை ஊர் அது. அதை லிம்போபோ முழுக்க, பிறகு நாடு முழுக்க இழுத்தால் தப்பு. 2022 குடிமக்கள் கணக்கெடுப்புப்படி வெளிநாட்டில் பிறந்தவர்கள் சுமார் 24 லட்சம், மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் 31 சதவீதம் என்பதால் இந்த எண்ணையும் வேதவாக்காகப் பிடிக்காதீர்கள். ஆனாலும் 4-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை விடுபடல் நிரப்பாது. இளம் வயதினரே அதிகம் இடம்பெயர்வதால் பிரசவ வார்டில் அவர்கள் பங்கு மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், அதையும் எழுத வேண்டும்.

சட்டத்தையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எந்த நாட்டவரானாலும் கட்டணமில்லை என்று ஜோஹனஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதி செய்தது. கிளினிக் வாசலில் ஐடி கேட்டு மறித்த, வெளிநாட்டவரை எதிர்க்கும் இயக்கமான ஆபரேஷன் டுடுலாவுக்கு 2025 நவம்பரில் நீதிமன்றம் தடை போட்டது.

2022 ஆகஸ்டில் லிம்போபோவின் பேலா பேலா ஆஸ்பத்திரியில், அன்றைய மாகாண சுகாதார அமைச்சர் ராமதூபா ஒரு ஜிம்பாப்வே நோயாளியின் கட்டில் அருகே நின்று கண்டித்த வீடியோ ஞாபகம் இருக்கும். ஆதரவு, எதிர்ப்பு என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். படுத்திருந்த பெண்ணிடம் படம் எடுக்கச் சம்மதம் வாங்கினார்களா என்பதுதான் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு முதலில் கேட்கும் கேள்வி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற வாத்தியார்: மகளே, எஸ்வாத்தினி என்றாலே "உலகிலேயே அதிக எச்ஐவி" என்கிறார்கள். ஏதாவது முன்னேற்றம் உண்டா?

உண்டு ஐயா, நிறையவே. மொத்தம் எத்தனை பேரிடம் நோய் இருக்கிறது என்பது ஒரு எண். வருஷத்தில் எத்தனை பேருக்குப் புதிதாகத் தொற்றுகிறது என்பது வேறு எண். மருந்து கிடைத்தால் ஆட்கள் சாகாமல் இருப்பார்கள், அதனால் முதல் எண் உயரமாகவே நிற்கும். அது தோல்வி இல்லை, உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை. 2011-க்கும் 2016-17-க்கும் இடையில் அங்கே புதிய தொற்று கிட்டத்தட்டப் பாதியானது. தொற்றியவர்களில் 95 சதவீதம் பேருக்கு அது தெரிய வேண்டும், தெரிந்தவர்களில் 95 சதவீதம் மருந்தில் இருக்க வேண்டும், அவர்களில் 95 சதவீதத்துக்கு வைரஸ் அடங்க வேண்டும் என்ற இலக்கை 2020-லேயே எட்டிய நாடு அது. நாம் இன்னும் இரண்டாவது 95-இல்தான் தடுமாறுகிறோம்.

டோங்காட்: அவர்கள் ஆஸ்பத்திரி எப்படி இருந்தால் நமக்கென்ன?

மலேரியாவைக் கேளுங்கள். 2000-ல் தென்னாப்பிரிக்காவில் 60,000-க்கு மேல் மலேரியா நோயாளிகள், பெரும்பகுதி நம் குவாசுலு நட்டாலில். டிடிடி தெளிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், பலனில்லாத மாத்திரையை மாற்றினார்கள். அதோடு நம் நாடு, ஸ்வாசிலாந்து (இன்றைய எஸ்வாத்தினி), மொசாம்பிக் மூன்றும் சேர்ந்த லுபோம்போ திட்டத்தில் தெற்கு மொசாம்பிக் வீடுகளின் சுவர்களிலும் மருந்து அடித்தார்கள். கொசு பாஸ்போர்ட் காட்டுவதில்லை என்பதால் நம் பக்க நோய் படுத்துவிட்டது. வெற்றி என்பதால் பேப்பரில் இது அதிகம் வருவதில்லை.

மிட்ராண்ட்: லெசோத்தோவில் தனியார் கூட்டில் கட்டிய ஆஸ்பத்திரி நாட்டையே விழுங்கியது என்று படித்தேன்.

மசேருவில் 2011-ல் திறந்த குயின் மமொஹாட்டோ ஆஸ்பத்திரி. அதை நடத்திய கூட்டமைப்பில் நம் நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரி நிறுவனமான நெட்கேர் முன்னணியில் இருந்தது. சுகாதார பட்ஜெட்டில் 51 சதவீதம் அதற்கே போகிறது என்று ஆக்ஸ்ஃபாம் 2014-ல் சொன்னது. உலக வங்கி அந்தக் கணக்கை மறுத்தது. 2021-ல் ஒப்பந்தம் முறிந்தது. இங்கும் வகுக்கும் எண்தான் சண்டை.

டர்பன், பத்திரிகை மாணவி: ஒரு மணி நேரத்தில் சரிபார்க்க வழி சொல்லுங்கள் அக்கா.

முதலில் அந்த நாட்டு அமைச்சகத்தின் நிலவர அறிக்கையையும், உலக சுகாதார நிறுவன ஆப்பிரிக்க அலுவலகத்தின் வாராந்தர அறிக்கையையும் திறந்து தேதியைப் பார். "இதுவரை" என்ற மொத்தம் ஏறிக்கொண்டேதான் போகும். நோய் தணிகிறதா என்று காட்டுவது வாரக் கணக்கு. பிறகு உள்ளூர்ப் பேப்பர் இரண்டு: ஜிம்பாப்வே என்றால் அரசு சார்ந்த ஹெரால்டும் தனியார் நியூஸ்டேயும். இரண்டும் ஒத்துப்போகும் இடம் அநேகமாக உண்மை. மொசாம்பிக் செய்தி போர்ச்சுகீஸில் இருப்பதால் சுருங்கித்தான் ஆங்கிலத்துக்கு வரும். மொழிபெயர்ப்பு ஆப்பில் மூலத்தைப் படி. படத்தைத் தலைகீழ்த் தேடலில் போட்டு அது முன்பு எங்கே வந்தது என்று பார், பழைய ஸ்டிரைக் படம் புதிய செய்தியில் வருவது அடிக்கடி நடக்கும். பட்ஜெட் எண் வந்தால், ஒதுக்கியதா கருவூலம் விடுவித்ததா என்று பார். அரசு பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று ஆப்பிரிக்க நாடுகள் 2001-ல் அபுஜாவில் ஒத்துக்கொண்டன. அதைக் காகிதத்தில் நெருங்கிவிட்டுப் பாதியை விடுவிக்காமல் விடலாம்.

வெருலம்: தப்பாக எழுதினால் எங்கே புகார் செய்வது?

பேப்பர், அதன் இணையதளம் என்றால் பிரஸ் கவுன்சில், செய்தி வந்து 20 வேலை நாட்களுக்குள். டிவி, ரேடியோ என்றால் ஒலிபரப்புப் புகார் ஆணையம், 30 நாட்களுக்குள். செய்தியின் நகல், தேதி, தப்பான வரி, சரியான தகவலுக்கு ஆதாரம் நான்கையும் வையுங்கள். "மோசமாக எழுதுகிறார்கள்" என்ற பொதுப் புகார் நிற்காது. பத்திரிகை விதியில் எந்தப் பகுதி மீறப்பட்டது என்று சுட்ட வேண்டும். இனம், பிறப்பு பற்றித் தேவையில்லாமல் இழிவாகச் சொல்வதும், சம்மதமில்லாமல் ஒருவரின் எச்ஐவி நிலையை வெளியிடுவதும் அதில் தெளிவாக இருக்கின்றன. கவுன்சிலில் சேராத வெளியீடுகளை அது விசாரிக்க முடியாது, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவுக்கு எந்த ஆணையமும் இல்லை. அனுப்பியவரைத்தான் கேட்க வேண்டும்.