ஒரே ரிப்போர்ட், இரண்டு தீர்ப்பு: பதினைந்து வயதில் மெட்டபோலிக் சிண்ட்ரோம்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ., ட்ரைகிளிசரைட் 128, எச்.டி.எல். 42, வெறுவயிற்றுச் சீனி 94, பிரஷர் 118/76. ஒரு டொக்டர் மெட்டபோலிக் சிண்ட்ரோம் என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். யாரை நம்புவது? (ஒரு தாய், ஹட்டன்)

பதில்: இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். பருத்த இடுப்பு, ரத்தக் கொழுப்பு, சீனி, பிரஷர் ஆகியவற்றின் கோளாறுகள் பல ஒருவரிடம் ஒன்றாகச் சேருவதைத்தான் மெட்டபோலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். ட்ரைகிளிசரைட் என்பது ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு, எச்.டி.எல். என்பது குறையக்கூடாத ‘நல்ல’ கொழுப்பு. இந்த வயதுக்கு எல்லோரும் ஏற்ற ஒரே வரையறை கிடையாது.

சர்வதேச நீரிழிவு சம்மேளனத்தின் 2007 வரையறைப்படி, 10 முதல் 16 வயதுக்குள் இடுப்பு பெருத்திருப்பது கட்டாயம். அதோடு ட்ரைகிளிசரைட் 150, எச்.டி.எல். 40க்குக் கீழ், பிரஷர் 130 அல்லது 85, சீனி 100 என்பவற்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும். உங்கள் மகனுக்கு இடுப்பு மட்டுமே சேருகிறது. 2003இல் குக் என்ற ஆய்வாளரின் குழுவினர் இடுப்பு, ட்ரைகிளிசரைட், எச்.டி.எல்., பிரஷர், சீனி ஆகிய ஐந்தில் எந்த மூன்றும் போதும் என்றார்கள். ட்ரைகிளிசரைட் 110 தாண்டினாலே கணக்கு. அந்தக் கணக்கில் உங்கள் மகனுக்கு இடுப்பு, ட்ரைகிளிசரைட் என இரண்டுதான். 2004இல் டி ஃபெராண்டி என்ற இன்னொரு ஆய்வாளரின் குழுவினர் ட்ரைகிளிசரைட்டை 100க்கு இறக்கி, இந்த வயதுப் பையன்களின் எச்.டி.எல். எல்லையை 45க்கு ஏற்றினார்கள். அதில் எச்.டி.எல்.லும் சேர்ந்து மூன்றாகிவிடுகிறது.

அமெரிக்காவில் 1988–1994 காலத் தேசிய ஆய்வின் அதே தரவில், 12 முதல் 19 வயதினரில் மெட்டபோலிக் சிண்ட்ரோம் உள்ளவர்கள் குக் கணக்குப்படி 4.2 சதவீதம், டி ஃபெராண்டி கணக்குப்படி 9.2 சதவீதம். பிள்ளைகள் அதே பிள்ளைகள், கோடுதான் நகர்ந்தது. உடல் பருத்தவர்களை மட்டும் எடுத்தால் குக் கணக்கே 28.7க்குப் போய்விடும். அதனால் செய்தியில் ஒரு சதவீதம் கண்டால், எந்த வரையறை, யாரை எண்ணினார்கள் என்று பாருங்கள்.

முடிவு கட்டுமுன் அளவுகளை மறுபடி எடுங்கள். முந்திய இரவு சாப்பாட்டுக்குப் பின் 10 முதல் 12 மணிநேரம் தண்ணீர் மட்டும். விடியற்காலைக் குளிருக்கு ஒரு பால் தேத்தண்ணி குடித்துவிட்டு பஸ் ஏறினால் ட்ரைகிளிசரைட் ஏறித்தான் வரும். காய்ச்சல் வந்து இரண்டு மூன்று வாரம் ஆகாவிட்டால் ஒத்திப்போடுங்கள். ஏற்றம் ஏறி மூச்சு வாங்கும்போது பிரஷர் பார்க்க வேண்டாம், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினால் பிரஷரைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். இடுப்பை ஜெர்சியைக் கழற்றிவிட்டு, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும்.

பெயர் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் 98 செ.மீ. இடுப்பைக் கவனிக்கத்தான் வேண்டும். இந்த வயதில் அந்தப் பெயர் அடுத்த பரிசோதனையிலேயே மறைவதும் உண்டு. என் கணிப்பில் முதலில் தேத்தண்ணியில் கைவையுங்கள்: நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி என்றால் ஏறக்குறைய 60 கிராம் சீனி. அடுத்தது கோதுமை மா ரொட்டியின் எண்ணிக்கை. பருப்பும் கீரையும் கூடட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள், ஈரலுக்கான ஏ.எல்.டி. பரிசோதனையும் கேளுங்கள். கழுத்துப் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தாலோ வெறுவயிற்றுச் சீனி 100ஐத் தொட்டாலோ அதுவரை காத்திருக்காமல் சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்.