எரேமியாவுக்குக் காதலி வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நானும் மூன்று நண்பர்களும் பைபிளில் வரும் எரேமியா தீர்க்கதரிசியைப் பற்றி ஒன்றரை மணி நேரப் படத்துக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறோம். பணம் போட முன்வந்தவர் படித்துவிட்டு, "நாற்பது வருஷம் ஒருத்தர் கத்துகிறார், யாரும் கேட்கவில்லை, கடைசியில் ஊர் எரிகிறது. இதில் கதை எங்கே இருக்கிறது?" என்றார். 1998ல் பாட்ரிக் டெம்ப்ஸி எரேமியாவாக நடித்த தொலைக்காட்சிப் படத்தில் ஒரு காதல் வருகிறது. அதுமாதிரி ஒன்று சேர்க்கச் சொல்கிறார். கடவுள் பேசுவதை எப்படிக் காட்டுவது என்பதிலும் எங்களுக்குள் சண்டை. வானத்திலிருந்து குரல் வந்தால் பழைய பக்திப் படம் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறோம். படத்தை எங்கே முடிப்பது என்றும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

காதல் வேண்டாம். பக்திக்காகச் சொல்லவில்லை. அதைச் சேர்த்தால் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் கதை போய்விடும்.

எரேமியா புத்தகத்தின் பதினாறாம் அதிகாரத்தைத் திரும்பப் படியுங்கள். கல்யாணம் செய்யாதே, பிள்ளை பெறாதே என்பதோடு அந்தக் கட்டளை நிற்கவில்லை. இழவு வீட்டுக்குப் போகாதே, விருந்து வீட்டுக்கும் போகாதே என்கிறது. நல்லது கெட்டது எதற்கும் வராத ஒரு மனிதனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய ஊரான அனதோத் எருசலேமிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சின்ன ஊர், ஆசாரியர்களின் ஊர். அங்கே பக்கத்து வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, எரேமியா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. இறந்தவரின் மகன் இவரைத் திரும்பிப் பார்க்கிறான். இந்தக் காட்சி கிடைத்த பிறகு காதலியை எதற்குத் தேடுகிறீர்கள்? அதே ஊர்க்காரர்கள் இவரைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள், சொந்தச் சகோதரர்களே துரோகம் செய்கிறார்கள் என்று புத்தகம் சொல்கிறது. அது திடீரென்று வந்த பகையாகத் தெரியாது.

கடவுளின் குரலுக்கு வருகிறேன். முதல் அதிகாரத்தில் அந்தக் குரல் இவரிடம் ஒரு கேள்வி கேட்கிறது: நீ என்னத்தைக் காண்கிறாய்? வாதுமைமரக் கிளை என்கிறார் இவர். மறுபடி அதே கேள்வி. கொதிக்கிற பானை என்கிறார். இதைவிடத் தெளிவாக ஒரு கேமராவுக்கு யார் வழி காட்ட முடியும்? வாதுமைக்கு எபிரேயத்தில் 'ஷாகேத்'. 'ஷோகேத்' என்றால் விழித்துக் காத்திருப்பவர். அந்தச் சொல்விளையாட்டு தமிழில் வராது, விட்டுவிடுங்கள். ஆனால் அவர் பார்க்கும் பொருளை நாமும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கிளை, பானை, குயவனின் சக்கரம், இற்றுப்போன கச்சை. குரலே தேவைப்படாது.

அப்புறம் எரேமியாவை எதிர்க்கும் இன்னொரு தீர்க்கதரிசி, அனனியா. இவரை வில்லனாக எழுதியிருப்பீர்களோ என்று கவலையாக இருக்கிறது. பாபிலோனுக்கு அடங்கிப்போங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் நுகத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறார். அனனியா ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் எழுந்து, இரண்டே வருஷம், பாபிலோன்காரர்கள் கொண்டுபோன ஆலயப் பாத்திரங்களும் சிறைப்பட்டுப் போனவர்களும் திரும்பி வருவார்கள் என்கிறார். பிள்ளைகளைப் பாபிலோனுக்குப் பறிகொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அவர்கள் யார் பேச்சை நம்ப விரும்புவார்கள்? எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொல்கிறார். எனக்கு அந்த ஆமென் உண்மையான ஆமென். தான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதா என்று ஏங்குகிற மனிதர் அவர். அனனியா நுகத்தைப் பிடுங்கி உடைக்கும்போது அவர் பதில் பேசாமல் போய்விடுகிறார். படம் பார்க்கிறவர்கள் அந்த நிமிஷம் அனனியா பக்கம் இருக்க வேண்டும். இருந்தால்தான் உடைந்த மர நுகத்துக்குப் பதிலாகப் பிறகு வரும் இரும்பு நுகம் வலிக்கும்.

யூதாவின் ராஜா யோயாக்கீம், எரேமியாவின் வார்த்தைகள் எழுதிய சுருளை எரிக்கும் காட்சியைக் கட்டாயம் வையுங்கள். குளிர்காலம், எதிரே கணப்பு. மூன்று நான்கு பத்தி வாசிக்க வாசிக்க, கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போடுகிறார். எரிக்காதீர்கள் என்று மூன்று பேர் கெஞ்சுகிறார்கள். அதில் ஒருவர் சாப்பானின் மகன் கெமரியா. அந்தப் பெயர் பதித்த களிமண் முத்திரை ஒன்று 1982ல் எருசலேமில் யிகால் ஷீலோ நடத்திய அகழ்வில் கிடைத்தது. அது இவருடையதுதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாபிலோன்காரர்கள் நகரத்தைக் கொளுத்திய தீயில் வெந்ததால்தான் அந்த மண் இத்தனை நாள் நிலைத்தது. இதைப் படத்தில் சொல்ல முடியாது, ஆனால் கெமரியாவாக நடிக்கிறவரிடம் சொல்லுங்கள்.

எரேமியாவைச் சேறு நிறைந்த துரவில் போட்டுவிடும் காட்சியில் சேற்றைவிட, அவரைத் தூக்கிவிடும் எத்தியோப்பியனான எபெத்மெலேக்கைக் காட்டுங்கள். கயிறு மட்டும் விட்டால் அக்குளை அறுத்துவிடும் என்று யோசித்து, கந்தைத் துணிகளைத் தேடி எடுத்து வந்து, அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இறக்குகிறார். அந்த ஊரில் அன்றைக்கு அப்படி யோசித்தவர் அவர் ஒருவர்.

பணம் போடுகிறவருக்கு ஒரு காட்சியை மட்டும் சொல்வதென்றால் நான் முப்பத்திரண்டாம் அதிகாரத்தைச் சொல்வேன். முற்றுகை நடக்கிறது, எரேமியா காவல் முற்றத்தில் கைதி. கொல்லப் பார்த்த அதே அனதோத்திலிருந்து அப்பாவின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, என் நிலத்தை வாங்கிக்கொள், உரிமை உனக்குத்தான் என்கிறான். எதிரிப் படை நாட்டையே பிடித்து வைத்திருக்கும்போது அங்கே ஒரு நிலம்! இவர் வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளி, ஏறத்தாழ 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். கிரயப் பத்திரம், சாட்சிகள், முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி, தன் எழுத்தர் பாருக்கிடம் தருகிறார். எல்லாம் முடிந்த பிறகுதான், நகரமே போகப்போகிறது, என்னைப் போய் நிலம் வாங்கச் சொன்னீரே என்று ஆண்டவரிடம் கேட்கிறார். முதலில் வாங்கிவிட்டார், கேள்வி பிறகு. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். காட்சியை அவசரப்படுத்தவும் வேண்டாம். தராசுத் தட்டு நிலைக்கு வரும்வரை காத்திருங்கள், பின்னணியில் மதிலை இடிக்கும் சத்தம் போதும்.

முடிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் எப்படி இறந்தார் என்று புத்தகம் சொல்வதில்லை. நகரம் விழுந்த பிறகு, போக வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மீந்தவர்கள் அவரையும் எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கேயும் வாக்குவாதம்: வானராக்கினி என்ற பெண் தெய்வத்துக்குப் படைப்பதை நிறுத்திய பிறகுதான் எங்களுக்குக் கஷ்டம் வந்தது, உன் பேச்சைக் கேட்கமாட்டோம் என்கிறார்கள். தியாக மரணம் ஒன்றைக் கற்பனை செய்து சேர்க்காமல் அந்தக் கூட்டத்தோடேயே படத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்த வரைவை அனுப்புங்கள். நிலம் வாங்கும் காட்சியை முதலில் புரட்டிப் படிப்பேன்.