கறுத்துப்போன கண்வளையம்

மதிப்பிற்குரிய ஐயா,

மலையகத்துப் பறவைகள் குறித்துத் தாங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் தந்தையார் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோது, சீமைக்குத் திரும்பிய துரை பங்களாச் சாமான்களைப் பிரித்துக் கொடுத்ததில், கண்ணாடிச் சட்டமிட்ட இரண்டு பறவைப் படங்கள் அப்பாவுக்குக் கிடைத்தன. ஒன்றின் கீழே ‘அர்ரெங்கா பிளைகி’ என்றும், மற்றதன் கீழே ‘சோஸ்டெரோப்ஸ் சிலோனென்சிஸ்’ என்றும் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் கூலெமான்ஸ் என்ற பெயரும் தெரிகிறது.

இரண்டாவது படத்திலுள்ளது நம் தோட்டத்து வெள்ளைக்கண்ணிதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் படத்தில் கண்ணைச் சுற்றியுள்ள வளையம் கருஞ்சாம்பல் நிறமாக இருக்கிறது. முதல் படத்துப் பறவையைப் பட்டிப்பொலப் பக்கத்து ஓடையொன்றில் என் மகன் பார்த்திருக்கிறான். அதன் தோளில் பளீரென்ற நீலம் இருந்ததாகச் சொல்கிறான். படத்திலோ அந்த இடம் மங்கிக் கிடக்கிறது. ‘அர்ரெங்கா’ என்ற பெயரும் இக்காலப் பட்டியல்களில் இல்லை. இவை வேறு இனங்களா, ஓவியர் தவறாக வரைந்தாரா? நிறத்தை இவ்வளவு நம்ப முடியாதென்றால், படங்களைப் பார்த்து அந்தக் காலத்தில் எப்படி இனம் பிரித்தார்கள்? பட்டியலில் பெயருக்குப் பின்னால் வரும் ஆளின் பெயரும் ஆண்டும் ஒன்றுக்கு அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன, மற்றதற்கு இல்லை; அது ஏன்? கண்டியில் பழம்பொருள் வியாபாரியொருவர், வளையத்துக்கு வெள்ளை பூசித் தந்தால் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

ச., பண்டாரவளை

அன்புள்ள ச. அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில்தான் அவசரம் இருக்கிறது: வெள்ளை பூச விடாதீர்கள். அந்த வளையம் வரையப்பட்டபோது வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீர்வண்ணத்துக்குப் பயன்பட்ட வெள்ளைகளில் ஈய வெள்ளையும் ஒன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள், குறிப்பாக நிலக்கரிப் புகையோடும் எரிவாயுவோடும் வருபவை, அந்த ஈயத்தோடு சேர்ந்து அதைக் கறுப்பாக்கிவிடும். 1834 முதல் விற்பனைக்கு வந்த துத்தநாக வெள்ளைக்கு இந்தக் குணம் இல்லை. ஆனால் ஈய வெள்ளையை எல்லோரும் உடனே கைவிட்டுவிடவில்லை. ஆகவே வெள்ளைக்கண்ணி கறுப்புக்கண்ணியாக மாறியிருப்பது வேதியியல் செய்த வேலை. ஓவியருக்கும் அதில் பங்கில்லை, பறவைக்கும் பங்கில்லை. இப்படிக் கறுத்த ஈயத்தை மீண்டும் வெளுக்கச் செய்யும் முறை காகிதப் பாதுகாப்பு வல்லுநர்களிடம் உண்டு. அதன்மேல் இன்னொரு வெள்ளையைப் பூசினால் பழைய சாயமும் போகும், படத்தின் மதிப்பும் போகும். வியாபாரி சொல்லும் விலை படம் விற்கும்வரைதான் நல்ல விலை.

தோள்நீலத்தின் கதை சற்று நீளமானது. முதல் படத்துப் பறவை நம் இலங்கைச் சீகாரப் பூங்குருவி. ஆணின் உடல் கருமை கலந்த நீலம், பெண் பழுப்பு நிறமானது. இரண்டின் தோளிலும் நீலத் திட்டு உண்டு, பெண்ணிடம் அது சிறியது. அந்த நீலம் சாயத்தால் ஆனதன்று. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாவது. காட்டு ஓடையின் அரையிருட்டில் பறவை ஒரு பக்கம் திரும்பும்போது ஒன்றுமில்லாத கருமையாக நிற்கும், மறுபக்கம் திரும்பும்போது பளீரென்று தெரியும். உங்கள் மகன் கண்டது அந்த இரண்டாவது கணத்தை. தாளில் அதைக் காட்ட வழியில்லை. நீலத்தைத் தட்டையாகப் பூசி, அதன்மேல் கோந்து நீரை ஒரு வரி இழுத்து மினுக்கம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அக்காலத்தில் பெருவழக்காக இருந்த பிரஷ்ய நீலம் வெளிச்சத்தில் மங்கக் கூடியது. பங்களாவின் சன்னலுக்கு எதிர்ச் சுவரில் பல பத்தாண்டுகள் தொங்கிய படமென்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

‘ஓவியர் வரைந்த நிறம்’ என்று நாம் சொல்வதே முழுவதும் சரியன்று. ஜான் ஜெரார்ட் கூலெமான்ஸ் ரோட்டர்டாமில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர் (1842–1912). அக்காலப் பறவை நூல்களில் அவர் படமில்லாதவை குறைவு என்று சொல்லுமளவுக்கு உழைத்தவர். வில்லியம் வின்சன்ட் லெக் 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இலங்கைப் பறவைகள் நூலுக்கும் அவரே வரைந்தார். அவருடைய மேசைக்கு வந்தவை பாடம் செய்த தோல்கள். கண்ணிருந்த இடத்தில் பஞ்சு, சுருங்கிய கால், நிறம் போன அலகு. கண்மணி என்ன நிறம், கால் என்ன நிறம் என்பதை, பறவையைச் சுட்டவர் லேபலில் குறித்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஊகம்தான். தோலைப் பார்த்து அவர் கல்லச்சுக்கான கல்லில் மசிக்கட்டியால் வரைவார். கல்லிலிருந்து தாளுக்கு வருவது கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே. அதன்பின் அவர் நிறமிட்ட மாதிரித் தாள் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, பட்டறையில் இருப்போர் தாள் தாளாக நிறம் தீட்டுவார்கள். ஒருவர் பச்சையை முடித்து அடுத்தவருக்குத் தள்ளுவார், அவர் மஞ்சளைத் தொடுவார். இந்த வேலையில் பெண்களும் சிறுவர்களும் நிறைய இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தத் தாளின் ஓரத்திலும் இல்லை. ஒரே நூலின் இரு பிரதிகளை அருகருகே வைத்தால் ஒன்றின் முதுகு பாசிப்பச்சையாகவும் மற்றதன் முதுகு இலைப்பச்சையாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். பெருக்குக் கண்ணாடியில் பாருங்கள்: நிறம் சில இடங்களில் கோட்டைத் தாண்டியிருக்கும், தூரிகை நின்ற இடத்தில் சாயம் தேங்கி விளிம்பு கட்டியிருக்கும். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால அச்சுப் பிரதி.

பெயருக்கு வருகிறேன். இரு படங்களிலுமுள்ள இனங்களை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஒருவரே, ஆண்டும் ஒன்றே: ஹோல்ட்ஸ்வர்த், 1872. முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்டவர் அவர். கடலைப் பார்க்க வந்தவர் மலைப்பறவைகளுக்குப் பெயரிட்டுவிட்டுப் போனார். பூங்குருவியை அவர் அர்ரெங்கா என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியில், வைத்தார், பிற்காலத்தவர் மையோபோனஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். ‘பிளைகி’ என்ற பின்பகுதி மாறவில்லை. இனத்தை முதலில் விவரித்தவர் வைத்த பேரினத்திலிருந்து அது பின்னர் வேறு பேரினத்துக்குப் போயிருந்தால், அவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டுமென்பது விலங்கியல் பெயரிடல் விதி. வெள்ளைக்கண்ணியை அவர் தொடக்கத்திலேயே சோஸ்டெரோப்ஸில் வைத்தார். அது இன்றும் அங்கேயே இருக்கிறது. ஆகவே அதற்கு அடைப்புக்குறி கிடையாது. பட்டியலிலிருந்து பறவை எதுவும் காணாமல் போய்விடவில்லை.

பிளைகி என்பது சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டக்காரரின் பெயர். அடர்ந்த காட்டு ஓடையை விட்டு வெளியே வராத பறவைக்கு, அந்தக் காட்டை வெட்டிக் கோப்பி நட்ட தலைமுறையைச் சேர்ந்த ஒருவரின் பெயர் நிலைத்திருக்கிறது. கோப்பி 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோயில் அழிந்தது, தேயிலை வந்தது. காடு திரும்பி வரவில்லை. அந்தப் பறவை இன்று அழிந்துவரும் இனங்களின் வரிசையில் இருக்கிறது.

படத்தைப் பார்த்து எப்படி இனம் பிரித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூலெமான்ஸின் காலத்தில் அப்படிப் பிரிக்கவில்லை. தோல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி, சிறகையும் அலகையும் அளந்து பிரித்தபின், மற்றவர்கள் அடையாளம் காண்பதற்காகப் படம் போட்டார்கள். படத்தை வைத்தே பெயரிட்ட காலம் அதற்கு நூறாண்டு முந்தியது, அதிலும் இலங்கைக்கு முக்கியமான இடமுண்டு. 1752 முதல் 1757 வரை டச்சு ஆளுநராக இருந்த யோன் கிடியன் லோட்டன், யூரேசிய மரபினரான பீட்டர் கொர்னேலிஸ் த பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு இத்தீவின் பறவைகளையும் விலங்குகளையும் நீர்வண்ணத்தில் வரைவித்தார். அந்தத் தாள்கள் லோட்டனோடு ஐரோப்பா சென்றன. 1769இல் தாமஸ் பென்னன்ட் என்ற இயற்கையியலாளர் அவற்றைக் கொண்டு தீக்காக்கையையும் செம்முகப் பூங்குயிலையும் உலகுக்குத் தெரிவித்தார். 1776இல் பீட்டர் பிரவுன் வேறு சிலவற்றைச் செப்புத்தகட்டில் செதுக்கிக் கையால் நிறமிட்டு வெளியிட்டார். அதிலிருந்த புறாவொன்றுக்கு, இலங்கையை மிதித்திராத க்மேலின் என்ற ஜெர்மானியர் 1789இல் லத்தீன் பெயர் சூட்டினார். அதுதான் நம் பச்சைப்புறா, இன்றைய பெயர் ட்ரெரோன் பொம்படோரா.

அந்தப் படத்தின் விளைவு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தொடர்ந்தது. இலங்கையிலிருந்து பிலிப்பைன்ஸ் வரையுள்ள பல பச்சைப்புறாக்கள் நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டன. இந்த நூற்றாண்டில் அவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரித்தபோது, பழைய பெயரை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. பிரவுனின் படத்திலிருந்தது இலங்கைப் பறவை, ஆகவே பெயர் இலங்கைப் புறாவுக்கே வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைப் புறா வேறு பெயருக்குப் போனது. இங்கே விதி சொல்வதைக் கவனியுங்கள்: படத்தை வைத்து இனம் விவரிக்கப்பட்டிருந்தால் அந்த இனத்தின் அடிப்படை மாதிரி (பெயர் எதற்குரியது என்பதை நிலைநிறுத்துவது) படத்திலுள்ள பறவையே, படமன்று. தாளில் நிறம் மங்கினாலும் கறுத்தாலும் இனத்துக்கு ஒன்றும் ஆகாது.

தவறான ஊர்ப்பெயரை நம்பியதால் நடந்த குளறுபடிகளும் உண்டு. ஆபிரிக்காவின் தென்பகுதியில் மட்டும் வாழும் கீச்சான் வகைப் பறவையொன்று, 1766இல் லின்னேயஸ் வைத்த ‘சீலோனஸ்’ என்ற பெயரோடு இன்றும் திரிகிறது. அது இலங்கையின் கரையைக்கூடக் கண்டதில்லை.

உங்கள் வெள்ளைக்கண்ணியிடம் மீண்டும் வருகிறேன், ஏனெனில் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். இலங்கையில் இரண்டு வெள்ளைக்கண்ணிகள் உண்டு. ஒன்று இந்தியாவிலும் காணப்படுவது, பெரும்பாலும் தாழ்நிலத்துக்குரியது. மற்றது மலைநாட்டுக்கே உரிய சிலோனென்சிஸ். பண்டாரவளை உயரத்தில் இரண்டையும் காணும் வாய்ப்பு உண்டு. மலைப்பறவை சற்றுப் பெரியது, அலகு சற்று நீளம், முதுகின் பச்சை இருண்டது. நிறம் மங்கிய படத்தில் இந்த வேறுபாடு அனேகமாகத் தெரியாது, கீழேயுள்ள பெயர்தான் துணை. இவ்வளவு ஒத்திருப்பதால், ஒரே மூதாதையின் குஞ்சுகள் மலையேறியும் கீழே தங்கியும் பிரிந்து போயிருக்கும் என்று நினைப்பதே இயல்பு. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளரும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து மரபணுக்களை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வு, இவை உடன்பிறப்புகள் அல்ல, தீவுக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தவை என்று காட்டியது. ஹோல்ட்ஸ்வர்த் அளவுகோலையும் கண்ணையும் கொண்டு 1872இல் வரைந்த பிரிவு நிலைத்தது. அவற்றின் உறவு எவ்வளவு தூரமானது என்பதை அறிய அவரிடம் கருவி இல்லை. நிறத்தைப் பற்றி ஓவியர்கள் எவ்வளவு கவலைப்பட்டாலும், வெள்ளைக்கண்ணிக் குடும்பத்தில் அது உறவைக் காட்டும் நல்ல சாட்சியன்று. மரங்கொத்திகளிலும் இப்படியொரு சிக்கல் உண்டு. வடக்கின் பொன்முதுகு மரங்கொத்தியும் தெற்கின் செம்முதுகு மரங்கொத்தியும் சந்திக்கும் பகுதியில் கலப்பு நடந்து, செம்மஞ்சளின் எல்லாப் படிகளிலும் பறவைகள் கிடைக்கின்றன. நிறம் தீட்டுவோரிடம் அவற்றைக் கொடுத்திருந்தால், மாதிரித் தாளில் எந்தச் சிவப்பைப் பூசச் சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

படங்களை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். பழைய நூல்களைப் பிரித்துத் தாள் தாளாகச் சட்டமிட்டு விற்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆனால் உங்கள் கைக்கு வந்தவை என்றோ பிரிக்கப்பட்டவை, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. வைத்திருப்பதானால் சன்னல் வெளிச்சம் படாத, அடுப்புப் புகை எட்டாத உட்சுவருக்கு மாற்றுங்கள். மூடுபனிக் காலத்துச் சுவர் ஈரம் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும், ஆகையால் வெளிச்சுவர் வேண்டாம். சட்டத்தின் பின்புறத்தில் பழைய மரப்பலகை இருந்தால் அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். அமிலமற்ற அட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, இடையில் அட்டை விளிம்பு வேண்டும்.

அப்படிச் சட்டத்தைப் பிரிக்கும் நாளில் தாளின் நீள அகலத்தை அளந்து, மேல் மூலையில் எண் ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள். லெக்கின் நூல் பெரிய அளவுத் தாளில் வந்தது, ஹோல்ட்ஸ்வர்த்தின் கட்டுரை வெளியான லண்டன் விலங்கியல் சங்க இதழ் சாதாரணப் புத்தக அளவு. ஓரம் வெட்டப்படாமல் இருந்தால், இரண்டில் எதிலிருந்து வந்தவை என்பதை அந்த அளவைக் கொண்டே ஓரளவு சொல்லிவிடலாம்.